யாராவது நிமிர்வார்கள் என்று

நான் நன்றாக மென்று சாப்பிடுகிறவன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பந்தியில் கடைசியாக எழுந்திருப்பவன் நானாகத்தான் இருப்பேன். அன்றைக்கும் நான் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி உங்களிடம் சொன்னாளாம். உண்மைதான். அதை ஒரு குற்றம்போல அவள் சொன்னதுதான் எனக்கு வருத்தம்.

என் தொழிலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய் முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். இடுப்புக்குமேல் மட்டும் உள்ள ரப்பர் பொம்மை ஒன்றைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு போவேன். அதனால் எனக்குப் 'பொம்மை வாத்தியார்' என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. சொல்லப்போனால், என் வகுப்புகளில் பொம்மை ஒன்றுதான் என்னைப் பார்த்தபடி இருந்திருக்கிறது.

மற்றவர்கள் குனிந்திருப்பார்கள். முன்பெல்லாம் போனை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்துப் பார்த்தார்கள். அதில் ஒரு பயம் இருந்தது, பயத்தில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது. இப்போது ஒளிவு மறைவு கிடையாது. நான் நெஞ்சில் கைவைத்து அழுத்திக் காட்டிக்கொண்டிருப்பேன், முன்வரிசையில் ஒருவர் செருப்பு வாங்கிக்கொண்டிருப்பார். ஒரு மேலாளர் என்னை முழுக்கப் படம் பிடித்தார். "நீங்க நடத்துங்க சார், வீடியோ எடுத்துட்டேன், அப்புறம் பாத்துக்கறேன்" என்றார். ஒருவனுக்கு மூச்சு நின்ற பிறகு 'அப்புறம்' என்று ஒன்று இல்லை என்பதைத்தான் அந்த நேரம் முழுவதும் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் அதையும் படம் பிடித்திருப்பார்.

வேலைசெய்யும் இடத்தில் சகித்துக்கொள்ளலாம், வீடு அப்படியில்லை. எங்கள் சாப்பாட்டு மேசை ஐந்து பேர் முழங்கை இடிக்காமல் உட்கார முடியாத அளவுக்குச் சின்னது. மனைவி, மகள், நான். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவியின் அண்ணனும் அவர் மனைவியும் வருவார்கள். ஐந்து பேர் சேர்ந்தால் ஐந்து விதமான பேச்சு இருக்க வேண்டும் இல்லையா. என் மகள் காதில் எதையோ சொருகிக்கொண்டு அவளுக்கு மட்டும் கேட்கும் ஏதோ ஒன்றுக்குச் சிரிப்பாள். மனைவி போனில் அடுத்தவர் வீட்டு அடுப்படியைப் பார்த்துக்கொண்டே தன் அடுப்பில் தீயவிட்டதைப் பரிமாறுவாள். மச்சானின் மனைவி, நேரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவிக்கே போனில் பூ அனுப்புவார். என் மனைவியும் பதிலுக்குக் கும்பிடு அனுப்புவாள். உப்பு வேண்டுமென்றால்கூட ஒருநாள் போனிலேயே கேட்டுக்கொள்வார்கள் என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. யார் காதிலும் விழவில்லை.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். வாயில் பாதியும் பேச்சில் பாதியுமாகச் சாப்பிடுவார், அந்தப் பேச்சும் போனில் வந்த பேச்சாக இருக்கும். "மச்சான், இதப் பாருங்க" என்று என் மூக்குக்கு நேரே நீட்டுவார். பூனை ஒன்று பியானோ வாசிக்கும். நான் சிரிக்கும்வரை நீட்டிய கையை எடுக்க மாட்டார்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, வீட்டாருக்கும் ஒரு வகுப்பு எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருப்பது நன்றாக இல்லை. தொண்டையில் சாப்பாடு அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதை எடுத்துக்கொண்டேன். முதலில், முழுதாக அடைத்துக்கொண்டவனால் இருமவோ கத்தவோ முடியாது, சத்தமே வராது, ஆகையால் கண்ணால் பார்த்தால்தான் உண்டு என்றேன். பிறகு மச்சானை எழுப்பி நிறுத்தி, பின்னால் நின்று, அவர் வயிற்றைச் சுற்றிக் கைகளைக் கோத்து, தொப்புளுக்குச் சற்று மேலே எப்படி உள்நோக்கி மேலே அழுத்த வேண்டும் என்று காட்டினேன்.

மச்சான் அந்த நிலையிலேயே போனைத் தூக்கிப் பிடித்து எங்கள் இருவரையும் படம் எடுத்தார். "என் மச்சானுக்கு என்மேல எவ்ளோ பாசம் பாருங்க" என்று எழுதிச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். அன்று மாலைக்குள் அதற்கு நூறு விதமான சிரிப்பு வந்து குவிந்தது. என் மகளும் சிரித்தாள். என் மனைவி அதைப் போனின் முகப்பில் வைத்துக்கொண்டாள். நான் கோபப்படவில்லை. கோபம் எனக்கு ஆகாது, இரத்த அழுத்தம் இருக்கிறது. வகுப்பு பாதியில் நின்றுவிட்டதே என்ற எண்ணம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது.

அந்த ஞாயிறுக்கு வருகிறேன்.

மச்சானின் மகன் வெளிநாட்டில் வேலை செய்கிறான். ஞாயிறுகளில் அப்பாவும் மகனும் போனில் முகம் பார்த்துக்கொண்டு சேர்ந்து சாப்பிடுவார்கள். மச்சான் போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து நிறுத்துவார். இங்கே மதியம், அங்கே அவனுக்குக் காலை. பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா" என்பார். அவன் அங்கே உள்ள தட்டில் போட்டுக்கொள்வான். இதைப் பாசம் என்று என் மனைவி சொல்வாள். எனக்கு, ஒரு தலை அதிகமாக வந்து உட்கார்ந்து இடத்தை அடைப்பதுபோல் இருக்கும். அந்தப் போன் நிற்பதற்காக நான் தண்ணீருக்கு எழுந்து சமையலறைக்குப் போக வேண்டியிருந்தது.

அன்று இறைச்சி கொஞ்சம் வேகாமல் இருந்தது. பெரிய துண்டுகள். நான் சின்னதாகக் கிழித்துக்கொண்டேன். மச்சான் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு துண்டை வாயில் போட்டார். சிரிப்பு பாதியில் நின்றது.

எதிரில் இருந்ததால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா, இதுதானே என் பிழைப்பு. அவர் கை தொண்டைக்குப் போயிற்று. சத்தம் இல்லை. நான் சொல்லியிருந்தபடியே எல்லாம் நடந்தது, ஒரு மாற்றமும் இல்லை. நான் எழுந்திருக்கத்தான் நினைத்தேன், நாற்காலியைக்கூடப் பின்னால் தள்ளினேன். அப்போதுதான் மற்றவர்களைப் பார்த்தேன்.

மூன்று தலைகளும் குனிந்திருந்தன.

ஆசிரியர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாணவனுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்றால், நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். நான் பொறுத்தேன்.

மச்சான் மேசையைத் தட்டினார். "அண்ணே, தண்ணி குடிங்க" என்று என் மனைவி தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். கண் போனில் இருந்தது. தம்ளர் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு முறை தட்டினார். "மெதுவா சாப்பிடுங்கன்னு சொன்னா எங்க கேக்கறீங்க" என்றார் அவர் மனைவி, யாருக்கோ பூ அனுப்பிக்கொண்டே. என் மகள் தாளம் போட்டாள். தட்டல் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், பாட்டோடு சேர்ந்துவிட்டது.

மச்சான் என்னைப் பார்த்தார். எத்தனையோ வருடப் பழக்கத்தில் அவர் கையில் ஒன்றும் இல்லாமல், எதையும் என் மூக்குக்கு நேரே நீட்டாமல், என்னை மட்டும் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் அவரைப் பார்த்தேன். அதில் ஒரு மரியாதை இருந்தது என்று நினைக்கிறேன். தைரியமாக இருங்கள், இதோ யாராவது நிமிர்வார்கள் என்பதுபோலத் தலையசைத்தேன். தட்டில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டேன். சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்காவது குறிப்புக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

அவர் சாய்ந்து, தட்டு தரையில் விழுந்து உடைந்த பிறகுதான் நிமிர்ந்தார்கள்.

அதன்பின் நான் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது, மருத்துவமனையிலும் அப்படித்தான் சொன்னார்கள். தரையில் கிடத்தினேன். வாயைத் திறந்து பார்த்தேன். மண்டியிட்டு நெஞ்சில் அழுத்தினேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன்: முழங்கை மடங்கக் கூடாது, தோள் நேராக இருக்க வேண்டும். மூன்று பேரும் என் கைகளையே பார்த்தார்கள். மனைவி ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் போனைக் கீழே போட்டுவிட்டாள். மகள் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்திருந்தாள். ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிடவில்லை அவர்கள். நான் இத்தனை வருடம் எடுத்த வகுப்புகளில் அப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது, மச்சானுக்கு மூச்சு திரும்பி வரவில்லை.

எல்லாம் முடிந்து உறவினர்கள் போன பிறகு என் மகள் என் அறைக்கு வந்தாள். கதவருகே நின்றாள்.

"அப்பா, நீங்க மாமாவுக்கு எதிர்லதானே உக்காந்திருந்தீங்க."

"எல்லாரும் எதிர்லதாம்மா இருந்தோம். சின்ன மேசை."

"உங்க நாற்காலி தள்ளியிருந்துச்சு. தட்டு விழறதுக்கு முன்னாடியே தள்ளியிருக்கீங்க. நான் நிமிர்ந்தப்ப உங்க தட்டு காலியா இருந்துச்சு."

அவள் இவ்வளவு கவனித்திருக்கிறாள் என்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவளும் அவள் அம்மாவும் போனை ஒதுக்கிவிட்டு ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுகிறார்கள். மச்சானின் மனைவி போனைத் தொடுவதே இல்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு குடும்பத்துக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன இருக்க முடியும். மச்சான் உயிரோடு இருந்தால் அவரே ஒப்புக்கொள்வார்.

நீங்கள் மூன்றாம் தடவையாகக் கேட்கிறீர்கள், மச்சானின் மகன் சொன்னதைப் பற்றி. 'அப்பா தொண்டையைப் பிடித்ததைப் பார்த்தேன், கத்தினேன், ஒரு கை வந்தது, பிறகு இருட்டு' என்று சொல்லியிருக்கிறான். எதையும் மறைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. அந்தக் கை என்னுடையதுதான்.

பையன் அங்கே சாப்பிடுவதை விட்டு எழுந்துவிட்டான். முகம் திரை முழுக்க வந்துவிட்டது. சத்தம் பெரிதாக இருந்தது. என் மனைவியின் போனில் யாரோ எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்த சத்தத்தில் அது கலந்துதான் போயிற்று என்றாலும், இன்னும் கொஞ்சம் விட்டால் அவர்கள் கேட்டிருப்பார்கள். வெளியிலிருந்து ஒருவன் விடையைச் சொல்லிக்கொடுத்தால் அது பரீட்சை ஆகாது. சாப்பிடும் இடத்தில் போன் கத்துவதும் நாகரிகம் இல்லை. முதலில் சத்தத்தைக் குறைத்தேன். அப்புறம் கவிழ்த்து வைத்தேன்.

"மாமா, அப்பாவப் பாருங்க மாமா" என்றுதான் அவன் கத்தினான். பாவம், பையனுக்குப் பதற்றத்தில் ஒன்றும் புரியவில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அந்த மேசையில் அவன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.