பொண்ணு பாக்க வந்த காரு

வேணாம் தம்பி, அந்த ரேடியேட்டர் மூடிய தொடாதீங்க. தொறந்தீங்கன்னா கொதிக்கிற தண்ணி மூஞ்சில பீச்சிடும். வண்டி ஆறட்டும், இப்டி நெழல்ல வந்து உக்காருங்க. பொண்ணு பாக்க வந்த எடத்துல மொகத்த வேக வச்சிக்கினு போனா நல்லாவா இருக்கும்?

வண்டிய எம் பொண்ணே பாத்துக்குவா. ஆமா, புடவைய மாத்திட்டா. கிரீஸ் ஆவும் இல்ல? எங்க ஏஞ்சலின் சிப்காட்ல, சைலன்சர் பண்ற கம்பெனி. பைப்புல எங்க கசியுதுன்னு பாக்கறதுதான் அவ வேல. தரகர் சொல்லலியா? செரி, நீங்களும் கலரத்தான கேட்டீங்க.

அடில சொட்டுது பாருங்க, பச்சையா. ஏசி தண்ணின்னா நெறம் இருக்காது. இது கூலண்டு, இஞ்சின ஆற வைக்கிற தண்ணி. ரப்பர் ஓஸ்ல கிளிப்பு லூசாம். முடுக்கிட்டா. ஆறுனதும் தண்ணி ரொப்பி ஸ்டார்ட் பண்ணுவா.

பண்ணிட்டாளே. பின்னாடி பொக வெள்ளையா வந்துக்கினே இருந்து, இனிப்பா வாட அடிச்சாதான் பேஜாரு. இஞ்சினுக்குள்ளயே தண்ணி போவுதுன்னு அர்த்தம். உங்களுக்கு அது இல்ல.

அதுவா? சைலன்சர் வாய துணியால செத்த நேரம் பொத்தறா. பைப்பு நல்லா இருந்தா பொக துணியத் தள்ளும். எங்கயாவது ஓட்ட இருந்தா அங்க சத்தம் கேக்கும். கேக்குதா, உஸ்ஸுன்னு? பின் சீட்டுக்கு அடில.

உங்க அம்மா பின்னாடிதான உக்காந்துக்கினு வந்தாங்க? எறங்குனதும் தல வலின்னு படுத்தாங்களே, அது வெயிலு இல்ல தம்பி. அந்தப் பொக உள்ள வந்துக்கினே இருந்திருக்கு. ஆளையே சாச்சிடும் அது.

வண்டி ஆறறதுக்குள்ளயே ஏஞ்சலின் போயி அவங்கள கேட்டா. ஊத்துக்கோட்ட தாண்டுனதுலேந்தே தல சுத்துதாம். கண்ணாடிய எறக்குடான்னாங்களாம், ஏசி வீணாவும், சும்மா வான்னு நீங்க கத்துனீங்களாம். வாந்தி வருது நிறுத்துன்னதுக்கும் நிறுத்தலியாம். இல்ல இல்ல, நான் ஒண்ணும் கேக்கல. அவதான் கேட்டா.

எங்க போறீங்க? அம்மா ஊட்ல இல்ல. எம் பொஞ்சாதி அப்பவே ஆட்டோ வச்சி ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு பூட்டா. இப்பதான் போன் பண்ணா. ஆக்சிஜன் வச்சிருக்காங்களாம், பேசறாங்களாம். பயமில்ல. சாயந்தரம் நானே பஸ்ல கொண்ணாந்து உடறேன். அந்தக் கார்ல மட்டும் ஏத்த வேணாம்.

நீங்க நாலு கண்ணாடியும் எறக்கிக்கினு, இந்தத் தெரு முனைல லோகு ஷெட்டு வரைக்கும் உருட்டுங்க. ஓட்டைக்கு வெல்டு வச்சிக் குடுப்பான். அதுக்கு முன்னாடி ஊருக்கு எடுக்காதீங்க.

டீ ஆறுது, குடிங்க.

பொண்ணு இன்னா சொல்லுதா? அது அப்பவே கைய கழுவிக்கினே சொல்லிட்டா தம்பி. வேணாமாம். அடுத்து அந்த சீட்டுல நான்தானப்பா உக்காரணும்னு கேக்கறா. நான் இன்னா சொல்றது?

பஜ்ஜி எடுத்துக்குங்க.