நாலு இடத்துக்கும் ஆள் இருக்கு

உக்காராதீங்க தங்கச்சி, உக்காராதீங்க! ஆள் வருது. துண்டு போட்டிருக்கேன் பாருங்க... அது எங்க மாமியாருக்கு. பை வெச்ச இடம் எங்க வீட்டுக்காரருக்கு. அந்தச் செருப்பா? என்னோடதுதான், ஒத்தக் கால்ல நிக்கிறேன்... சின்னவளுக்காகக் கழட்டிப் போட்டது. தப்பா நெனச்சுக்காதீங்க. வேல முடிஞ்சு வர்றீங்க போல, காலு வலிக்கும்தான். ஆனா ஊருக்கு அஞ்சு மணி நேரம், நாலு பேரும் ஒண்ணா உக்காந்து போகணும்ல?

இந்த அநியாயத்தக் கேளுங்களேன். தலைநகரத்தச் சுத்திப் பாக்க வந்தோம், ஆயுசுல மொத தடவ. காலையில ஏறினது மாடி பஸ்ஸு, மேல கூரையே இல்ல. முட்டி மோதி ஏறி முன்வரிசை நாலு சீட்டையும் புடிச்சது யாரு? நானு! எங்க வீட்டு ஆளுங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கணக்கா ஆடி அசைஞ்சு வர்றாங்க.

மைக்க வெச்சிக்கிட்டு ஒரு பொண்ணு, "இதோ அரண்மனை, எறங்கிப் பாத்துட்டு வாங்க"ங்குது. எறங்கினா சீட்டு என்னாகும்? பின்னாடி ஒரு மொட்டத்தலை, ஏறினதுலேர்ந்து என் வரிசையவே மொறச்சிட்டிருக்கான்! "நீங்க போங்க, நான் காவலிருக்கேன்"னுட்டேன். அரண்மனையா, காவல். அருங்காட்சியகமா, காவல். வெயிலு மண்டையப் பொளக்குது. அந்த மொட்டத்தலை பாட்டுக்கு எறங்கிப் போயி ஐஸ்கிரீம் நக்கிட்டு வர்றான். நான் தலைநகரத்துல பாத்தது என்ன தெரியுமா? ஆறு பஸ் நிறுத்துற எடம்! ஒண்ணுல ஒரு நாய் படுத்திருந்துச்சு. அத நல்லாப் பாத்தேன்.

எங்க மாமியார் வந்து, "பச்சைக் கூரைடி! மலையாட்டம்! நீ பாத்திருக்கணும்"ங்கறாங்க. வீட்டுல முட்டி வலின்னு ஒரு டம்ளர நகர்த்த மாட்டாங்க, அரண்மனைப் படி எரநூறையும் ஏறிட்டு வந்திருக்காங்க!

இப்பவும் பாருங்க. "தண்ணி வாங்கிட்டு வரேன், இங்கயே நில்லு"ன்னுட்டுப் போனாரு எங்க வீட்டுக்காரரு. நிக்கிறதா? ரயில் வந்துச்சு, ஜனம் முட்டுது. அத்தன பேரு ஏறுற வண்டிய யாராவது விடுவாங்களா? டிக்கெட்டுல சீட்டு நம்பர் போட்டிருக்காம். நம்பரு என்னங்க நம்பரு, துண்டு விழுந்தாத்தான் சீட்டு...

இருங்க, அவருதான். ஹலோ, எங்க இருக்கீங்க? உக்காந்துட்டீங்களா? எங்க உக்காந்தீங்க, நாலு சீட்டோட நான் இங்கல்ல... எதுத்தாப்ல நிக்கிற வண்டியா? அப்ப இது என்ன வண்டி?

ஐயையோ, நகருதே! தங்கச்சி, இது எங்க ஊருக்குப் போகலையா? இந்தத் தலைநகரத்தையே சுத்திட்டு இங்கயேதான் வருமா? எவ்வளவு நேரம்? ஒண்ணர மணி நேரமா!

ஏங்க, எறங்குங்க! எல்லாரையும் எறக்குங்க, டிக்கெட்டு நாலும் என் பையில... யாரு சிரிக்கிறது? உங்க அம்மாவா? சிரிக்கட்டும், சிரிக்கட்டும். அடுத்த வண்டி எட்டு மணிக்கா? சரி, அதுவரைக்கும் பெஞ்சு ஏதாவது காலியா இருந்தா, ஓடிப் போயி துண்டப் போட்டு... ஆமால்ல. துண்டு என்கிட்ட இருக்கு.

போன வெச்சிட்டாரு.

சிரிக்காதீங்க தங்கச்சி. இல்ல, சிரிங்க. என்ன இருக்கு. யாரும் என்னையக் காவலிருன்னு சொல்லல. சின்னவகூடக் கையப் புடிச்சு இழுத்தா, "வாம்மா, வாம்மா"ன்னு...

அது என்னங்க அங்க? மரத்துக்குப் பின்னாடி... பச்சையா... அதுவா? அதுதானா? யம்மாடி. மலையாட்டம்தான் இருக்கு!

ஏன் நிக்கிறீங்க, உக்காருங்க. அந்தச் செருப்பக் கீழ தள்ளிட்டு உக்காருங்க. எல்லாம் காலி எடம்தான். இந்தச் சன்னலோரம் மட்டும்... கொஞ்ச நேரம் எனக்கு.