படத்துக்காக அமுக்கிய பை

வன்னியின் மருத்துவ வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கவேண்டிய உண்மை ஒன்றை விசாரணைக் குழுவின் முன் வைக்கிறேன்: நான் பால் விடாத பிளேன்ரீயைச் சீனி இல்லாமல்தான் குடிப்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தொண்ணூற்றைந்தில், எங்கள் கிடுகுக் கொட்டில் ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து கொடுக்கும் டொக்டர் நான். முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஆன்சலாவைக் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது வயது. மூளை இரத்தக்குழாயோடு ஒட்டி ஒரு ஷெல் துண்டு. எடுக்கும்போது குழாயைச் சில நிமிடம் இறுக்கிப் பிடிக்கவேண்டும். மூளை அதைத் தாங்குவதற்கு உடம்பைக் குளிரவைக்கவேண்டும். தகப்பன் அருளப்பு, மீனுக்கு வைத்திருந்த ஐஸைப் பெட்டியோடு தூக்கிவந்தார். பிள்ளை பாரைமீன் மணத்தோடு முப்பது பாகைச் சூட்டுக்கு இறங்கியது.

குளிர்ந்த உடம்பில், மூச்சோடு வெளியேறும் காபனீரொட்சைட்டு வாயு குறைவாகத்தான் உண்டாகும். மூச்சுக் கொடுக்கும் பையை வழக்கம்போல் அமுக்கினால் இரத்தத்தில் அது இன்னும் குறையும்; மூளைக்குழாய்கள் சுருங்கும்; மூளை பட்டினி கிடக்கும். இரத்த வாயுவை அளக்கும் இயந்திரம் கொழும்பில் இருந்தது. எங்களிடம் இருந்தது சுவரில் ஒரு அறிவிப்பு மட்டை: ‘குளிரில் மெதுவாக அமுக்கவும்.’ எழுதியவன் நான்.

முதலாவது குளிர்ச் சத்திரசிகிச்சை என்று பிரமுகர் நால்வரை அழைத்திருந்தேன். படப்பிடிப்பாளர் செல்வநாயகம் கமராவை உயர்த்திக்கொண்டு, “டொக்டர், கை அசையாட்டி சும்மா நிக்கிறமாதிரியெல்லோ விழும்” என்றார். நியாயமான பேச்சு. வேகமாக அமுக்கினேன்.

தாதி அன்னபாக்கியம் காதோடு சொன்னார்: “ஐயா, மெல்லமா அமுக்குங்கோ. பிள்ளை குளிர்ந்துபோய்க் கிடக்கு.”

என் எழுத்தை எனக்கே வாசித்துக் காட்டவேண்டாம் என்றேன். பிரமுகர்கள் போகும்வரை, அரை மணித்தியாலம், என்ன நடக்கும் என்று தெரிந்தே அமுக்கினேன். கை வலித்தது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

துண்டு சுத்தமாக வந்தது. மூன்றாம் நாள் ஆன்சலா கண் திறந்தாள். தாயை அடையாளம் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை. ஷெல் செய்த வேலை என்று தாய் புனிதத்துக்கு விளக்கினேன்.

“என்ர பிள்ளைக்காக வேர்க்க வேர்க்க நிண்டனீங்களாம் டொக்டர்” என்று கும்பிட்டார். இப்போதும் மாதமொருமுறை பாரை கொண்டுவருகிறார். வாங்காவிட்டால் அவருக்கு மனம் நோகும், வாங்குகிறேன்.

சாட்சிக்கு அந்தப் படத்தைக் கேட்கிறீர்கள். பொருளாதாரத் தடைக் காலம் அது. பிலிம் கிடைக்காவிட்டாலும் விழாவின் மரியாதைக்குச் செல்வநாயகம் வெறும் கமராவைத் தூக்குவார்; நாங்களும் அதற்கு முகம் கொடுப்போம். ஊருக்கே தெரிந்த வழக்கம்.

அன்றும் அதில் பிலிம் இல்லை என்று அமுக்கும்போதே எனக்குத் தெரியும்.