பறைக்குச் சூடு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்து. முன் இருக்கையில் ஓர் அப்பாவும் மகளும். அவர் மடியில் நனைந்த பறை.

“கலெக்டர் ஆபீஸ் வாசல்ல யாராச்சும் தீ மூட்டுவாங்களாப்பா? நீ தீக்குளிக்கப் போறேன்னு நெனச்சிக்கினு போலீஸ்காரரு தண்ணிய ஊத்திட்டாரு.”

“காய்ச்சாம அடிச்சா பறை பேசுமா? நீ பாட ஆரம்பிச்சிட்ட. பையில இருந்த பேப்பரக் கொளுத்தி ரெண்டு நிமிஷம் காட்டினேன், அது ஒரு குத்தமா?”

“எல்லாரும் சிரிக்கிறாங்கப்பா.”

“சிரிக்கட்டும். சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு மூணு வருஷமா பாடறோம். எட்டிப் பாக்காத ஆபீசரு இன்னிக்கு ஓடியாந்தாரா இல்லியா? ஜல்தியா மனுவ அவரு கையில குடுக்க வேண்டியதுதானே?”

“எங்கேர்ந்துப்பா குடுக்கறது? நீ கொளுத்தினதே ஊரு மொத்தமும் கையெழுத்துப் போட்ட மனுவத்தான்!”