கொடி உயர்த்திய கை

கச்சான் காற்றையும் கடந்து கேட்கும் கம்பீரக் குரலோய்! விசிலை வாயிலும் வாஞ்சையை நெஞ்சிலும் வைத்து முப்பத்தொரு ஆண்டுகள் மைதானத்து மணலை மிதித்த மாசற்ற மனிதரே! விடத்தல்தீவு ஈன்றெடுத்து, நீலக்கரைக் கல்லூரி தத்தெடுத்த உடற்கல்வி ஆசான் திருவாளர் சந்தியோகு ரொபின்சன் அவர்களே! ஓய்வுபெறும் தங்களை வழியனுப்ப வந்து, வழியனுப்ப மனமில்லாமல் நிற்கும் உங்கள் சக ஆசிரியர்களின் அன்பு வணக்கம்.

புகழ்ந்தால் தங்களுக்குக் காது சிவக்கும் என்பது ஊரறிந்த செய்தி. "போதும் தம்பி, வெயில் ஏறுது, சனத்தை விடுங்கோ" என்று இப்போதே எழும்பப் பார்க்கிறீர்கள். தயவு செய்து கதிரையிலேயே இருங்கள். தங்கள் விசிலுக்கு நாங்கள் எத்தனை நாள் அடங்கியிருந்தோம்! இன்று ஒருநாள் எங்களுக்கு அடங்கியிருங்கள்.

காலை ஐந்தரைக்கு வாயிற்கதவைத் திறந்த கடமையே! பிந்தி வந்தவனை ஏசாமல், விசிலின் நூலைக் கடித்துக்கொண்டு பார்த்த பார்வையாலேயே மறுநாள் முந்தி வரச் செய்த பொறுமையே! எட்டுச் சோடிச் சப்பாத்தை வைத்துப் பதினொரு பேரை ஆட வைத்த சாதுரியமே! வலைக்கயிறு ஒன்றை மைதானத்தின் குறுக்கே இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி, எதிரணியின் கடைசித் தடுப்பாளனோடு அந்தக் கயிற்றையும் நகரச் செய்து, தோழன் பந்தை உதைக்கும்போது கயிற்றுக்கு அப்பால் நிற்பதே ஓஃப்சைட் என்று மரமண்டைகளுக்கும் விளங்க வைத்த மதியே! அந்த மரமண்டைகளில் ஒருவன்தான் இம்மடலை எழுதி வாசிக்கும் யதுசன். அன்று தங்கள் அணியின் முன்வரிசை ஆட்டக்காரன், இன்று இக்கல்லூரியின் கணித ஆசிரியன்.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டின் உதைபந்தாட்டப் பருவத்தைச் சொல்லாமல் தங்களைப் பாராட்டினால் அது பாதிப் பாராட்டு. முசலியில் சமநிலை. எருக்கலம்பிட்டியில் வெற்றி, தோற்றவர்களே எங்களுக்குச் சோறு போட்டு அனுப்பினார்கள். எங்கள் அணியின் அப்துல் றசாக் பந்தைத் தூக்கிக் கொடுக்க, நான் ஓடிப்போய் அடிக்க, எங்கள் கல்லூரி முதல் முறையாக மாவட்ட இறுதிக்கு வந்தது. வென்றால் மாகாணப் போட்டி. எதிரணியோ விடத்தல்தீவு, தங்கள் சொந்த ஊர்.

அன்று எல்லைக்கோட்டு நடுவர்கள் வரவில்லை. அப்படியானால் இரு பாடசாலையும் ஆளுக்கோர் ஆசிரியரைக் கொடி பிடிக்க விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தாங்கள் கொடியை வாங்கினீர்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கடைசி நிமிடத்தில் றசாக் தூக்கிக் கொடுத்த பந்தை நான் வலைக்குள் அடித்தேன். சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. தங்கள் கொடி மட்டும் மேலே நின்றது.

ஓஃப்சைட், கோல் செல்லாது என்றார் நடுவர். பெனால்டி உதையில் தோற்றோம். "மாஸ்டர் ஊர்ப்பாசம் பாத்திட்டார்! பிள்ளையளை வித்துப்போட்டார்!" என்று சனம் கத்தியது. மூன்றாம் நாள் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடியது. கல்லூரி அதிபர் தங்களிடம் விளக்கம் கேட்டார். "சொல்ல வேண்டியதைக் கொடியாலை சொல்லிப்போட்டன், சேர்" என்றீர்கள். பிறகு என்னை எழுப்பி, "நீ ஓஃப்சைட்டிலை நிண்டனியா?" என்று கேட்டார்கள்.

"இல்லை" என்றேன்.

இனி எனக்குத் "தாங்கள்" என்று எழுத வராது, சேர். அந்த ஒரு சொல்லால் இரண்டு வருடம் அணியை உங்களிடமிருந்து பறித்தார்கள். உங்கள் கையால் வளர்ந்த அணிக்கு வேறொருவர் விசில் ஊத, நீங்கள் சின்ன வகுப்புகளின் ஓட்டப் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டீர்கள். உங்கள் மனைவி அருளம்மா அக்கா மைதானத்துப் பக்கம் வருவதையே விட்டார். அணி திரும்பக் கிடைத்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. போன மாதம்கூடத் தேநீர்க் கடையில் ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னதை நானே கேட்டேன், பேசாமல் இருந்தேன். அன்று அந்தச் சங்கக் கூட்டம் முடிந்த மறுவாரம் எனக்குக் கடும் காய்ச்சல். உங்கள் மோட்டார் சைக்கிளில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நீங்கள். வழி நெடுக, "இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளு" என்றதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அது அடியை விட வலித்தது.

இந்தப் பந்தியை எங்கள் ஆசிரியர் சங்கத் தலைவி இராசேஸ்வரி ரீச்சரிடம் காட்டி, இதை வாசிக்கலாமா என்று கேட்டேன். இரண்டு தரம் வாசித்தார். "ஒரு எழுத்தும் வெட்டாதையும். மடலுக்குக் கண்ணாடிப் பிறேம் போடேக்கை இதைத்தான் பெரிய எழுத்திலை போடுவம்" என்றார். ஆகவே, முன்வரிசையில் இருக்கும் அருளம்மா அக்கா கேட்க, அன்று கத்தியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் கேட்கச் சொல்கிறேன். றசாக் பந்தை உதைத்தபோது நான் கடைசித் தடுப்பாளனுக்கு அப்பால் முழு இரண்டடி நின்றேன். அது எனக்கு அப்போதே தெரியும். பொய் சொன்னது நான். ரொபின்சன் சேர் ஊரைப் பார்க்கவில்லை, தன் பிள்ளைகளையும் பார்க்கவில்லை. ஓஃப்சைட் கோட்டை மட்டுமே பார்த்தார். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள், சேர்.

நோய் அண்டாமல், நொடி அணுகாமல், அக்காவோடும் பேரப்பிள்ளைகளோடும் நூறாண்டு கடந்து நிமிர்ந்து நடைபோடுங்கள்! இம்மடலை வீட்டு விறாந்தையில், வருபவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் மாட்டுங்கள். பழைய கதையை இனி யாராவது எடுத்தால் நீங்கள் வாய் திறக்க வேண்டாம். அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
நீலக்கரைக் கல்லூரி ஆசிரியர் குழாம், மன்னார் தீவு.
அவர்களுடன், ஓஃப்சைட்டில் நின்ற யதுசன்.