மொத லயத்துக் கரண்டுப் பொட்டி

"…கரண்டு போச்சுன்னா எல்லாருக்கும் போகணும்லா! அதென்னம்மா, எங்க லயம் மட்டும் இருட்டு, உங்க பின்லயம் மட்டும் கல்யாண வீடாட்டம் பளபளன்னு?"

தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் நடராஜாவின் மனைவி தாயம்மா, தொழிலாளர் வரிசை வீடுகளில் முதல் லயத்திலிருந்த தன் வீட்டு வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பின்லயத்துக்குப் புதிதாகக் குடிவந்த கங்கா, இறால் வாங்க வந்தவள், பாத்திரத்தோடு நின்றாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"நீ நேத்து வந்தவ, உனக்குத் தெரியாது. முன்னயெல்லாம் கரண்டு மொதல்ல எங்க லயத்துப் பொட்டிக்குத்தான் வரும். அதுலேருந்து அடுத்த லயம், அதுலேருந்து பின்லயம்… ஆட்ட ஒண்ணு பின்னால ஒண்ணா கட்டினாப்புல. எங்க பொட்டியில சுவிச்சு விழுந்தா எல்லா லயமும் இருட்டு! நான் ஒவ்வொரு வாசலா போயி, 'எவடி இஸ்திரி போட்டவ?'ன்னு ஏசுவேன். ஒருத்தி வாயத் தொறக்க மாட்டா. மரியாதை இருந்துச்சு.

இப்ப இந்த சேது… வயர்மேனாம், வயர்மேன்! தோட்டத்து ஆபீஸ் கணக்கு பாக்குற கிராணிகிட்ட போயி ஓதிட்டான். 'லயத்துக்கு ஒரு பொட்டி, ஒவ்வொண்ணுக்கும் பெரிய பொட்டியிலேருந்து தனி லைன். ஒண்ணு விழுந்தாலும் மத்தது நிக்கும். புது லயம் கட்டினா பக்கத்துல இன்னொரு பொட்டிய சேத்துக்கலாம்'னு. பெரிய கண்டுபிடிப்பு! மண்டோர் வீடும், புல்லு வெட்றவ வீடும் ஒண்ணா? தூ!

என்னது? ஏன் எங்க லயம் மட்டும் விழுதா? அதத்தான நானும் கேக்குறேன்! அப்படி என்ன ஓடுது இங்க… ரெண்டு ஐஸ்பொட்டி. சரி, மூணு. பாசிர் பெனம்பாங் மீன்குப்பத்துலேருந்து எறா வாங்கியாந்து விக்கிறேன், தரையிலயா வைக்க முடியும்? அப்புறம் மாவு மெஷினு. இதுக்குப் போயி பக்கத்து வீட்டு நல்லம்மாள் என்னையே மொறைக்கிறா! அந்த சேது பய சொல்றான், 'முன்னயும் உங்களாலதான் விழுந்திருக்கும்க்கா'ன்னு. திமிரப் பாத்தியா? சொல்லிட்டு, பொட்டி சாவிய எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போயிட்டான். அப்ப இத்தன வருஷமா நான் பின்லயத்துக்காரிகள ஏசினதெல்லாம்… ஏ கங்கா? கங்கா!"

கங்கா எப்போதோ நழுவியிருந்தாள்.

உள்ளே ஐஸ்பொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. நாளைக் காலை இருசப்பன் வீட்டு விருந்துக்குக் கொடுக்க வேண்டிய இறால் அத்தனையும் அதில்தான்.

 தாயம்மா இறாலைப் பெரிய குண்டானில் அள்ளி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கரண்டு இருந்த பின்லயத்துப் பக்கம் நடந்தாள். எந்தக் கதவைத் தட்டுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த லயத்தில் அவள் இன்னும் ஏசாத வீடு கங்காவுடையது ஒன்றுதான்.