காப்பார் முகவரி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மதியத்துக்கு மேல் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களுக்குக் காலை நேரத்தையே கொடுப்பேன். லோஜினி மட்டும் தாமதமாகத்தான் வருவாள், இன்ஸ்பெக்டர். காப்பாரிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வரவேண்டும் என்பாள்.

முதல் நாளே எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிவிடுவேன். இந்த அறையில் பேசுவது வெளியே போகாது. உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் குடும்பத்தாரிடம் சொல்வேன். அவள் தலையாட்டினாள். அதன் பிறகுதான், கணவனை விட்டு ஓடிவந்து தோழி தனலெட்சுமியின் வீட்டுப் பின்னறையில் ஒளிந்திருப்பதைச் சொன்னாள்.

கணவர் சிவேந்திரன் எப்படியோ என்னைத் தெரிந்துகொண்டு போன் செய்தார்.

"அக்கா, எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லவில்லை. மறுபடியும் கேட்டார். அப்போதும் சொல்லவில்லை. தொழிலில் நான் கறார்.

போன செவ்வாய் லோஜினி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க ஆன்டி. இனிமே ஷாமினிகிட்ட போறேன் லா."

"ஏம்மா?"

"அவங்க நான் சொல்றத கேக்குறாங்க. நீங்க பேசினா எங்க வீட்டுக்காரர் பேசுற மாதிரியே இருக்கு. அந்தப் பார்வைகூட."

ஷாமினிக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவள் நான். அதை நான் லோஜினியிடம் சொல்லவில்லை. சந்தோஷம் என்றேன். கதவுவரை போய் வழியனுப்பினேன்.

பிறகு சிவேந்திரனை அழைத்தேன்.

"தம்பி, அவ ஏதாச்சும் பண்ணிக்குவாளோன்னு பயமா இருக்கு. குடும்பத்துக்குச் சொல்றது என் கடமை."

முகவரியைச் சொன்னேன். பின்வாசல் தாழ்ப்பாள் சரியில்லை என்பதையும், தனலெட்சுமி மாலையில்தான் திரும்புவாள் என்பதையும் சொன்னேன். நன்றி சொன்னார். மரியாதை தெரிந்தவர்.

சாக வேண்டும் என்று லோஜினி ஒருநாளும் சொன்னதில்லை. டெங்கில் ஊரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. புதுச் செருப்பு வாங்கப் போவதாகச் சொன்னாள்.

மறுநாள் தனலெட்சுமி வீடு திரும்பியபோது லோஜினி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இறந்து கிடந்தாள். கழுத்தில் துப்பட்டா. அந்த முடிச்சு அவள் போட்டதல்ல என்று நீங்கள் சொல்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் கொல்வார் என்று எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும்.

எப்படித் தெரியும், முன்பு அவளை அவர் என்னவெல்லாம் செய்தார் என்பதை மட்டும் கேட்காதீர்கள். அதெல்லாம் லோஜினி என்னை நம்பிச் சொன்னது. வெளியே சொல்ல மாட்டேன்.